பொன்னும் அதன் தோழர்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பரதநாட்டியத்துக்கும் நாடகத்துக்கும் நடுவே, கல்லையும் மண்ணையும் பற்றிப் பேசுவதற்கு ஒருவனை அழைத்த நம் செயலாளரின் துணிவை முதலில் பாராட்டுகிறேன். சலங்கை கட்டிய குழந்தைகள் திரைக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமையை நெடுநேரம் சோதிக்க மாட்டேன்.

பெங்களூரில் நம் காலனியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, கோலார் தங்க வயலிலிருந்து வந்தவை. என் குடும்பமும் அவற்றுள் ஒன்று. என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து மாரிகுப்பத்துக்குப் பிழைக்க வந்தவர். தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையைத் துளையிடும் வேலை பார்த்தவர். முப்பது ஆண்டுகள் தங்கச் சுரங்கத்தில் உழைத்தும், பாறையில் தங்கத்தைக் கண்ணாரக் கண்டது இரண்டே முறைதான் என்று அவர் சொல்லுவார். அதைக் கேட்டுச் சிறுவர்களாகிய நாங்கள் சிரிப்போம். அச் சொல்லில் ஒரு சாத்திரமே அடங்கியிருக்கிறது என்பது, நான் இரசாயனம் படித்து மண்ணியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்த பிறகே விளங்கிற்று.

இன்று இப்பொருளைப் பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் அன்பர் ஒருவர் கைக்குட்டையில் முடிந்த கல்லொன்றை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய இசைவு பெற்றே இதைச் சொல்லுகிறேன்; பெயர் மட்டும் வேண்டாமென்றார். கூடலூர்ப் பக்கத்தில் அவருடைய பூர்வீக நிலத்தையொட்டிக் கிடைத்த வெண்கல் அது. இடையிடையே துருப்பிடித்த செம்மை. ஓரிடத்தில் ஊசிமுனையளவு மஞ்சள் மினுக்கு. கல்லோடு ஒரு காகிதமும் இருந்தது. ஏதோ ஒரு சோதனைச்சாலையின் முத்திரையிட்ட அக்காகிதத்தில், ‘டன்னுக்கு 62 கிராம் தங்கம்’ என்று கண்டிருந்தது. கூட்டுச் சேர்ந்து சுரங்கம் தொடங்கலாம் என்று யாரோ ஒருவர் அவருக்கு ஆசை காட்டியிருக்கிறார். பதினைந்து நாளுக்குள் பணம் கட்ட வேண்டுமாம். ஓய்வுபெற்றபோது வந்த பிராவிடண்ட் பணம் முழுவதும் அதற்குப் போய்விடும். இளைய மகளுக்கு இன்னும் மணமாகவில்லை.

“சார், இந்தக் காகிதம் பொய்யா?” என்று கேட்டார்.

“காகிதம் பொய்யாக இராது. ஆனால், நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது விடையன்று” என்றேன்.

அவ்விடையைத்தான் இங்கே சற்று விரித்துரைக்கப் போகிறேன்.

பூமியின் மேலோட்டிலுள்ள சாதாரணப் பாறையில், ஒரு டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கமே உண்டு. நம் வீட்டு வாசற்படிக் கல்லிலும் தங்கம் இருக்கத்தான் செய்கிறது. அதை நம்பி யாரும் படியைப் பெயர்க்க வேண்டாம். டன் என்பது எவ்வளவு கல் என்று கேட்பீர்களாயின், பக்கத்துக்கு இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவான சதுரக் கட்டி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். சுரங்கம் வைத்துப் பிழைக்கத் தக்க பாறையில் டன்னுக்கு நாலு கிராம் இருந்தால் நல்லது என்பார்கள். அதாவது, அரைப் பவுன் மோதிரம் ஒன்றை மாவாக அரைத்து அந்தக் கல் முழுவதிலும் தூவிக் கலந்துவிட்டாற்போல் அது இருக்கும். என் தந்தையார் முப்பது ஆண்டில் இருமுறைதான் கண்டார் என்பதில் வியப்பென்ன?

எஞ்சிய தங்கமெல்லாம் எங்கே போயிற்று? புவி இரசாயனம் என்னும் துறைக்குத் தந்தை எனப் போற்றப்படுபவர் நார்வே நாட்டில் ஆராய்ந்த கோல்ட்ஷ்மிட் என்பவர். அவர் 1920களில் தனிமங்களை அவற்றின் நட்பை வைத்துப் பிரித்தார். சில, பாறையை விரும்புவன. சில, கந்தகத்தை விரும்புவன. சில, இரும்பை விரும்புவன. தங்கம் இரும்பை விரும்பும் இனம். பூமி உருகிய குழம்பாயிருந்த காலத்தில் கனத்த இரும்பு நடுமையத்துக்கு அமிழ்ந்தபோது, தங்கத்தின் பெரும்பகுதியும் அதைப் பின்தொடர்ந்து போய்விட்டது. நாம் தாலியிலும் வளையலிலும் அணிவதெல்லாம் மேலே தங்கிய மிச்சம்.

அந்த மிச்சமும் பரந்து சிதறிக் கிடந்தால் பயனில்லை. யாராவது திரட்டித் தர வேண்டும். திரட்டியது வெந்நீர். கோலார்ப் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாகப் பிறந்தவை. பூமிக்குள் ஆழத்தில், கந்தகம் கலந்த சுடுநீர் பாறைகளினூடே ஊறிச் செல்லுகையில், சிறுகச் சிறுகத் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு வந்தது. பாறை வெடிப்புகளுள் அந்நீர் புகுந்ததும், அங்கிருந்த இரும்பு கந்தகத்தைப் பற்றிக்கொள்ள, துணையிழந்த தங்கம் படிந்தது. அதனுடன் வெண்மையான குவார்ட்ஸ் கல்லும் உறைந்தது. இதையே சுரங்கத்தார் ரீஃப் என்கிறார்கள்.

அந்நீர் தங்கத்தை மட்டும் சுமந்து வரவில்லை. ஆர்செனிக், ஆன்டிமனி, பிஸ்மத், டெல்லூரியம், டங்ஸ்டன் முதலியவற்றையும் இடத்துக்கு ஏற்றபடி கூடவே கொண்டுவந்தது. இவையே தங்கத்தின் தோழர்கள். மாப்பிள்ளை ஒருவர்தான், ஆனால், மாப்பிள்ளை அழைப்பில் தெருவடைத்து வருபவர்கள் உறவினரும் நண்பரும் அல்லவா? நாயனச் சத்தம் இரண்டு தெருவுக்கு அப்பாலேயே கேட்டுவிடுகிறது. மாப்பிள்ளையைக் காணாமலே ஊர்வலம் எந்தத் திசையில் வருகிறது என்று சொல்லிவிடலாம். தங்கம் தேடுவோர் செய்வதும் அதுவே. ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில், தங்கம் ஆர்செனோபைரைட் என்னும் கனிமத்தை அண்டியிருக்கிறது. அக்கனிமம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து மண்ணாகும்போது, அதிலுள்ள ஆர்செனிக்கை மண்ணிலுள்ள இரும்புத் துரு பிடித்துவைத்துக்கொள்கிறது. மண்ணில் தங்கத்தை அளப்பது கடினமாயிருந்த காலத்திலும், ஆர்செனிக்கை அளந்து வழி கண்டார்கள். சித்த மருத்துவர் பாஷாணம் என்று அஞ்சிக் கையாளும் நஞ்சு, பொன்னுக்கு வழிகாட்டியாயிருப்பது விந்தைதான்.

ஹட்டியைப் பற்றிச் சொல்லும்போது பழையோரை மறத்தலாகாது. அங்கே ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அறுநூறு அடிக்கும் கீழே தோண்டியிருக்கிறார்கள். அக்குழிகளில் கிடைத்த மரத்துண்டுகளின் வயதைக் கணித்து இதை அறிந்தனர். இரசாயனக் கூடமும் நுண்ணோக்கியும் இல்லாத அவர்கள் எதைக் கொண்டு இடத்தைத் தேர்ந்தார்கள் என்று எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. அதன் அண்டையிலுள்ள மாஸ்கியில்தான், அசோகன் என்ற பெயரையே வெளிப்படையாகக் கூறும் பாறைக் கல்வெட்டு 1915ஆம் ஆண்டில் கிடைத்தது. அதைக் கண்டெடுத்தவர் சரித்திரப் பேராசிரியர் அல்லர். பீடன் என்னும் தங்கச் சுரங்கப் பொறியாளர். பொன் தேடப் போனவருக்குப் பேரரசரின் பெயர் கிடைத்தது.

கோலாரிலும் அப்படித்தான். லெப்டினன்ட் வாரன் 1802இல் அங்கே வந்தபோது, கிராமத்தார் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். பிற்காலத்தில் ஆங்கிலக் கம்பெனியார் பணமெல்லாம் கரைந்து கைவிடும் நிலைக்கு வந்தபின், 1880களின் நடுவில், பழங்காலத்தார் தோண்டிய குழியொன்றின் அடியைத் தொடர்ந்து சென்றபோதுதான் சாம்பியன் ரீஃப் அகப்பட்டது. ஆகையால், பழங்குழிகளை முதலில் தேடு என்பது இன்றும் எங்கள் துறையில் பாலபாடம்.

பழங்குழி இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஓடையிலிருந்து தொடங்க வேண்டும். மலையிலுள்ளதை மழை கழுவி ஓடையில் சேர்க்கிறது. தங்கம் தண்ணீரைப்போல் பத்தொன்பது மடங்குக்கு மேல் கனமானது. குவார்ட்ஸ் மணலோ மூன்று மடங்குகூட இல்லை. நீலகிரிச் சரிவிலும் நிலம்பூர்ப் பக்கத்திலும் பணியரும் குறும்பரும் மரவையில் மணலை இட்டுச் சுழற்றி அலசினால், மணல் வெளியேறிக் கருமணலும் பொன் துகளும் அடியில் நிற்கும். இன்றும் நாங்கள் அதையேதான் செய்கிறோம். அதன்பின் அத்துகளை நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறோம். முனை கூராகவும் உருவம் கரடுமுரடாகவும் இருந்தால் அது பிறந்த பாறை அருகில் இருக்கிறது. தட்டையாகி, ஓரம் மழுங்கி உருண்டிருந்தால் நெடுந்தூரம் உருண்டு வந்திருக்கிறது. அதனுள் வெள்ளி எத்தனை பங்கு, செம்பு எத்தனை பங்கு என்பதையும் எலக்ட்ரான் கதிரைக் கொண்டு அளக்கலாம். ஓர் ஓடையின் துகளும் ஒரு மலையின் துகளும் ஒரே குடும்பமா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஓடை இந்தச் சரிவு என்று கைகாட்டியபின், சரிவின் மேல் கோடு கிழித்தாற்போல் நூறு மீட்டர் இடைவெளியில் வரிசைகள் அமைத்து, வரிசைதோறும் இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு குழியாக, ஓரடி இரண்டடி ஆழத்து மண்ணை எடுத்துச் சலித்துப் பையிலிட்டு எண் எழுத வேண்டும். கேட்பதற்கு எளிது. முட்புதருக்குள் அந்நேர்கோட்டைப் பிடித்து நடந்தவனுக்கே அதன் அருமை தெரியும். இக்காலத்தில் மண்ணோடு நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் கறையான் புற்று மண்ணைச் சோதிக்கிறார்கள்; கறையான் கீழ்மண்ணை மேலே கொண்டுவந்து கட்டுகிறதல்லவா? முப்பது மீட்டருக்கும் கீழேயிருந்து யூகலிப்டஸ் மரத்தின் வேர் தங்கத்தை நீரோடு உறிஞ்சி இலையில் சேர்ப்பதை 2013இல் அங்கே மெய்ப்பித்தார்கள். எறும்பு தோண்டிய பொன்னைப் பற்றி மகாபாரதம் சொல்லுவதைப் படித்து நகைத்தவர்கள் இப்போது சற்றே யோசிக்கிறார்கள்.

இனி ஆய்வுக்கூடம். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் இது சமையல்தான். முப்பது கிராம் பாறைப் பொடியை மூசையில் இட்டு, மிருதார்சிங்கி, வெங்காரம், சோடா, ஒரு கரண்டிக் கோதுமை மாவு ஆகியவற்றைச் சேர்த்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்குகிறோம். மாவு கரியாகி, மிருதார்சிங்கியிலுள்ள ஈயத்தைத் துளித்துளியாகப் பிரிக்கிறது. அந்த ஈயமழை பாறைக் குழம்பினூடே இறங்கும்போது, வழியிலுள்ள தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் தங்குகிறது. பின்பு, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் அந்த ஈயத்தைச் சூடேற்றினால், ஈயத்தைக் கிண்ணம் உறிஞ்சிக்கொள்ள, கடுகினும் சிறிய மணி ஒன்று மிஞ்சும். வெடியுப்புத் திராவகத்தில் வெள்ளி கரைந்து போகும். எஞ்சியது பொன். நம் பொற்கொல்லர்கள் புடமிட்டு மாற்றுப் பார்ப்பதும் இதன் உறவே. இன்று கருவிகள் பல வந்து, டன்னுக்கு ஒரு மில்லிகிராம் என்னும் நுட்பத்துக்கும் அளக்கின்றன. ஆயினும் கடைசி வழக்கு நெருப்பின் முன்தான் தீர்கிறது.

கருவி நுட்பமாக நுட்பமாக, மனிதனின் பிழையும் அதில் பெரிதாகத் தெரியும். இதற்கு என் அவமானம் ஒன்றே சான்று. 1980களில், மணமான புதிதில், நானே ஒரு சரிவில் மண் எடுத்து வந்தேன். ஒரு வரிசையில் ஏழு பைகள் டன்னுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் தங்கம் காட்டின. சுற்றிலுமுள்ள மண்ணில் நாலைந்துதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதிய கோலார் கிடைத்துவிட்டது என்றே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். என் மேலதிகாரி பேசாமல் அதே பைகளில் ஆர்செனிக்கைப் பார்க்கச் சொன்னார். ஆர்செனிக் அசையவில்லை; அக்கம்பக்கத்து மண்ணில் உள்ளதே இருந்தது. “தோழர்கள் இல்லாமல் தங்கம் தனியே வந்திருக்கிறதே, எப்படி?” என்று கேட்டார். பின்பு ஒரு பையிலிருந்து பிரித்த துகளை எலக்ட்ரான் கதிரில் வைத்தார்கள். இயற்கைத் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும். செம்பு மிகச் சிறிதே இருக்கும். இத்துகளிலோ செம்பு தாராளமாக இருந்தது. இருபத்திரண்டு காரட்! அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தார். மாமியார் ‘ஆறு மாதத்துக்குக் கழற்றக் கூடாது’ என்று ஆணையிட்டுப் போட்ட மோதிரம், சல்லடைக் கம்பியில் நாளெல்லாம் உரசியிருந்தது. ஒரு கிலோ மண்ணில், மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு உதிர்ந்தால் போதும். கணக்கில் அது டன்னுக்கு நூறு மில்லிகிராம் ஆகிவிடும். வீட்டுக்கு இரண்டாவது கடிதம் எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

நான் அறியாமல் செய்தேன். அறிந்தே செய்தவர்களும் உண்டு. இந்தோனேசியாவில் புசாங் என்னுமிடத்தில் உலகின் மாபெரும் தங்கப் புதையல் இருப்பதாகக் கூறிய கனடாக் கம்பெனி ஒன்றின் பங்குகள், சுமார் 600 கோடி கனடா டாலர் வரை ஏறின. துளையிட்டெடுத்த பாறைத் தண்டைப் பாதியாகப் பிளந்து, ஒரு பாதியைச் சாட்சிக்கு வைப்பது முறை. அவர்கள் முழுவதையும் பொடித்துவிட்டார்கள். பிறர் சரிபார்க்கச் சாட்சியே இல்லை. பொடியிலிருந்த பொன் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவை பாறைக்குள் பிறந்தவை அல்ல, ஆற்றில் உருண்டு ஓரம் மழுங்கியவை என்பது புலப்பட்டது. ஆற்றுப் பொன்னை வாங்கிப் பாறைப் பொடியில் தூவியிருந்தார்கள். 1997 மே மாதத்தில் உண்மை வெளியாயிற்று. சேமிப்பை இட்டவர்கள் கையில் வெறுங்காகிதம் நின்றது.

இத்தனை வஞ்சகம் இல்லாமலும் மோசம் போகலாம். நம் அன்பருடைய ஊர்ப்பக்கமே அதற்குச் சான்று. 1879 முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில், தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் தங்கம் எடுக்கவென்று லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் எழுந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரஃ ஸ்மித் என்பவர் 1880இல் அறிக்கை எழுதினார். சுமார் நாற்பது இலட்சம் பவுன் மூலதனம் குவிந்தது. காட்டுக்குள் இயந்திரங்கள் ஏறின. சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கிவிட்டது. தங்கம் இல்லாமல் இல்லை, இருந்தது. பார்வைக்கு வளமான கல்லைப் பொறுக்கிச் சோதித்தவர்கள், அரைத்தது மலையை. கல்லின் கணக்கு மலைக்குச் செல்லவில்லை.

தங்கம் பாறையில் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை என்பதே இதன் மருமம். பாயசத்தில் முந்திரிபோல் என்று சொல்லலாம். ஒரு கரண்டியில் மூன்று பருப்பு வரும்; அடுத்த நாலு கரண்டியில் ஒன்றும் வராது. முதற்கரண்டியை வைத்து அண்டா முழுவதற்கும் கணக்குப் போடுகிறவரைச் சமையற்காரர் என்ன சொல்லுவார்? ஆகவே, ரீஃபின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை, பளபளக்கிற இடத்தையும் மங்கிய இடத்தையும் சேர்த்தே வெட்டியெடுக்க வேண்டும். சில அடிக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். தங்கமே இல்லாத பொடியையும், அளவு தெரிந்த பொடியையும் இடையிடையே மறைவாகச் சேர்த்துச் சோதனைச்சாலையையும் சோதிக்க வேண்டும். இவையெல்லாம் முடிய ஆண்டுகள் ஆகும். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசாங்க அனுமதியின்றித் தேடவே தொடங்கக் கூடாது என்பது வேறு. பதினைந்து நாள் கெடு எங்கிருந்து வந்தது?

தங்க வயலை மூடியது ஏன் என்று இங்குள்ள இளைஞர்கள் கேட்பதுண்டு. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் தந்த சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28இல் மூடியபோது, தங்கம் அடியோடு தீர்ந்துவிடவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, கொதிக்கும் பாறையிலிருந்து டன்னுக்குச் சில கிராமுக்காகக் கல்லை மேலே ஏற்றுவதற்கு ஆன செலவு, எடுத்த பொன்னின் விலையை விழுங்கிவிட்டது. நாம் சிறுவயதில் சறுக்கி விளையாடிய சயனைடு மலைகளில், மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த மண் கிடக்கிறது. அதிலும் டன்னுக்கு ஒரு கிராமுக்குக் குறைவாகப் பொன் உண்டு. அந்தத் தூசியை மூச்சிழுத்து இருமிய நம் தாய்மார்கள் சுமந்தது பொன்னை மட்டுமன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோழர்களைப் பற்றிப் பேசினேனே. தங்கத்தை எடுத்துக்கொண்டபின் அவர்களை நாம் அங்கேயே விட்டுவந்தோம்.

அன்பருடைய கல்லுக்கு வருகிறேன். அதை ஐந்து துண்டாக உடைத்து, எந்தத் துண்டு எது என்று எழுதாமல், எனக்குப் பழக்கமான ஓரிடத்தில் தனித்தனியே சோதிக்கச் செய்தோம். மஞ்சள் மினுக்கு இருந்த துண்டு டன்னுக்கு 48 கிராம் காட்டிற்று. மற்ற நான்கும் அரைக் கிராமைத் தாண்டவில்லை. விடைத்தாளை அவர் இருமுறை வாசித்தார். பிறகு, “பாக்கி மலையைப் பற்றி?” என்றார். “அதை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை” என்றேன். ஆசை காட்டியவரிடம் அவர் அதே கேள்வியைக் கேட்டாராம்; அதன்பின் அவரிடமிருந்து தொலைபேசி வரவில்லை. பிராவிடண்ட் பணம் வங்கியில் இருக்கிறது. மகளுக்கு வருகிற தை மாதம் திருமணம். பத்திரிகை நம் எல்லோருக்கும் வரும்.

மீந்த துண்டு ஒன்றை அவர் அனுமதியோடு இங்கே மேசைமேல் வைத்திருக்கிறேன். உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருக்கிறது. நாடக இடைவேளையில் குழந்தைகள் வந்து பார்க்கலாம். மோதிரத்தைக் கழற்ற வேண்டியதில்லை.